இடச்சீட்டு

காண்ட்லாவிலிருந்து வந்த பேல், எண்பது கிலோ.
கத்தி பட்டதும் பட்டை அறுந்து
பெருமூச்சோடு உப்புகிறது.
கடைக்குள் எனக்கு நிற்க இடமில்லை.

வாரத்தில் ஐந்து நாள் அரசுக் கல்லூரியில்
கௌரவ விரிவுரையாளன்.
கௌரவம் தவறாமல் வருகிறது,
சம்பளம் ஏப்ரலோடு நிற்கிறது.
ஞாயிறுகளில் ஊட்டி மார்க்கெட்டில்
பழைய ஸ்வெட்டர், ஜெர்கின், காலுறை ஜோடி இருபது.

வெள்ளியன்று நடத்திய பாடம்:
மணிலாவின் ஸ்பானிய வணிகர்கள்.
சீனப் பட்டு, பரங்கிப்பேட்டைத் துணி,
எல்லாவற்றையும் மிதித்துத் திருகி நசுக்கி
ஒரு பொதியின் இடத்தில் இரண்டு பொதி.
வெள்ளி வந்து சேர ஒரு வருடம்.
கப்பலில் இடத்துக்குச் சீட்டு உண்டு.
விதவைகளுக்கும் கொடுத்தார்கள்.
அவர்களிடம் சரக்கு ஏது?
சீட்டை வணிகனுக்கு விற்று
அரிசி வாங்கினார்கள்.

பதினொரு பேரில் ஒருத்தி கேட்டாள்,
'கப்பல் கவுந்துட்டா சார்?'
மணி அடித்துவிட்டது.

இந்தக் கடை
எஸ்தர் பாக்கியத்தின் கணவர் பெயரில்.
அவர் போய் ஒன்பது வருடம்;
நகராட்சி ஏட்டில் இன்னும் உயிரோடிருக்கிறார்.
வாடகையை எண்ணி வாங்கும்போது
அந்தம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பேலின் நடுவில் ஒரு சிவப்புக் கோட்டு.
உள்பட்டையில் ஸ்பானிய எழுத்து, பொடிப்பொடியாய்.
'லானா' மட்டும் புரிந்தது: கம்பளி.
பைக்குள் மடித்த பஸ் டிக்கெட்,
யாரோ அவசரமாய் இறங்கியிருக்கிறார்கள்.
அதற்கடியில் ஒரு குழந்தை பனியன்.
கழுத்துத் தையலைப் பார்த்ததுமே தெரிந்தது,
திருப்பூர்.
என் மச்சான் அங்கே செக்கிங்கில் இருக்கிறான்,
அவன் கையே பட்டிருக்கலாம்.
கடல் தாண்டி, ஒரு பிள்ளைக்குச் சிறிதாகி,
கிலோக் கணக்கில் திரும்பி
பர்லியார் வளைவுகளில் ஏறி வந்திருக்கிறது.
பத்து ரூபாய்க் குவியலில் போட்டேன்.

மழை. கூட்டமில்லை.
காலையிலிருந்து ஒரே ஒரு முறை
பெட்டி பேசியது: நாற்பது ரூபாய் பெறப்பட்டது.

குடையை மடக்கிக்கொண்டு வந்தார் எஸ்தர் பாக்கியம்.
இன்று தேதி ஏழுதான்.
கோட்டை எடுத்தார்.
கண்ணாடி முன் கழுத்துவரை பொத்தான் போட்டார்.
ஒரு பொத்தான் இல்லை,
அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

'வாடகையில கழிச்சுக்க.'

எவ்வளவென்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
சேரிங் கிராஸ் பக்கம் நடந்து போனார்,
மழைக்குள் வெகுதூரம்வரை தெரிந்தது சிவப்பு.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும்:
கவிழ்ந்தாலும்
சீட்டு விற்றவள் அரிசியைச் சமைத்திருப்பாள்.