நீறு

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி
நானூறு அடியில் எங்கள் எடை மேடை.
முதலமடை மாங்காய் லாரிகள்
இரவு இரண்டு மணிக்கு மேல்தான் வரும்.
அதுவரை எனக்கும் அந்த மாமரத்துக்கும்
ஒரே குழல்விளக்கு.

மரம் முழுக்க எறும்புக் கூடு,
இலையோடு இலையைத் தைத்த பச்சைப் பந்துகள்.
முசுறு என்றேன் நான்.
நீறு என்றாள் பிரசீதா.
நீறென்றால் எங்களுக்கு நெற்றியில் பூசுவது,
எரிந்து முடிந்தபின் மிஞ்சுவது என்றேன்.
"எங்களுக்கு நீறுவது என்றால்
எரிந்துகொண்டே இருப்பது, ஏட்டா.
கடித்தால் தெரியும்."

திருச்சூர்க்காரி. ஏணியில் ஏறி
நகப்பூச்சால் எறும்புக்குப் பொட்டு வைப்பாள்.
தையில் பிறந்தவளுக்குச் சிவப்பு
மாசிக்குப் பச்சை
பங்குனிக்கு வெள்ளை.
எண்ணிக்கையை என் எடைப் பதிவேட்டின்
கடைசிப் பக்கங்களில் எழுதுவாள்.

பங்குனிக்குள் எனக்கே பிடிபட்டது.
வெள்ளைப் பொட்டுக்காரிகள் நடுமரத்தில்
புழுக்களுக்குப் பக்கத்தில்.
சிவப்புப் பொட்டுக்காரிகள்
ஓரக்கிளையின் சின்னக் கூடுகளில்.
அங்கே புழு இல்லை, முட்டை இல்லை.
எங்கள் கூரைக்குப் போகும் கேபிள் ஒயரைப்
பார்த்தபடி இருந்தார்கள்.
கூரைக்கு அந்தப் பக்கப் புளியமரத்தில் வேறு கூட்டம்.
மாநில எல்லைக் கல்லை
இரண்டு கூட்டமும் மதிக்கவில்லை.
"செக்போஸ்ட்" என்றேன்.
"அதே" என்றாள், சிரிக்காமல்.

ராணி வருஷக்கணக்கில் இருப்பாளாம்.
இவர்களுக்குச் சில மாதம்.
இட்டது ஒருத்தி, முட்டையும் ஒன்றுபோல,
பிறகெப்படி என்று கேட்டேன்.
லாரிக்கடையில் கேட்ட மாதிரியே பதில் சொன்னாள்:
போன இடத்தில் கவிழப்போகிற வண்டிக்கு
யார் ஆயில் மாற்றுவார்கள்?
ஆயிரம்பேர் சுற்றி நின்று காக்கிற உடம்புதான்
தன்னைத் தானே பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டது.
ஒரு நாளில் இல்லை,
மனுசன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து.

அன்று ஷிப்ட் சீட்டை எடுத்துப் பார்த்தேன்.
பொள்ளாச்சி ஆபீஸ், பகல், ஏசி: ரியாஸ், வயது 26.
எல்லை, இரவு: நாச்சிமுத்து, வயது 59.
எங்கள் முதலாளி எறும்பு பற்றி எதுவும் படித்ததில்லை.

பங்குனிக் கடைசியில் ஒயர்மேல் சண்டை.
விடியும்போது மேடை இரும்பில்
ஒருத்தி காலை ஒருத்தி கவ்வியபடி கிடந்தார்கள்.
கூட்டினேன். புளித்த வாசம்.
பிரசீதா தீப்பெட்டியில் பொறுக்கினாள்:
சிவப்பு நூற்றுப் பதினொன்று. பச்சை ஒன்பது.
வெள்ளை இல்லை.

ஊருக்குப் போகும் நாளில் சொன்னாள்,
தேனீயில் ஒரு சங்கதி உண்டு என்று.
வெளியே அலைந்து தேய்ந்தவளை
மறுபடி குஞ்சுகளிடம் விட்டால்
மங்கின புத்தி கொஞ்சம் தெளிகிறதாம்.
நீறில் எப்படி?
"நான் பார்த்ததில்லை, ஏட்டா."
பஸ் வந்துவிட்டது.

சித்திரையில், லோடு ஏற்ற வந்த கோகிலவாணி
ஐந்துமாதக் குழந்தையை என் மேசைமேல் கிடத்தி
"ஒரு மணி நேரம்ணா" என்று போனாள்.
மூன்று மணி நேரம்.
வீறிட்டது. தூக்கினேன்.
எனக்குத் தெரிந்த ஒரே பாட்டு
லாரி நம்பர்கள்தான். அதைச் சொன்னேன். அடங்கிற்று.
அப்படியே போய் மேடைமேல் நின்றேன்.
திரையில் எழுபது.
அவள் வந்து வாங்கிக்கொண்டு போனபின்
தனியாக நின்றேன்.
எழுபது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் அந்த மெஷின்.
பதிவேட்டில் நான் எதுவும் எழுதவில்லை.

கழுத்தில் சுருக்கென்றது.
பிடித்து விளக்கில் பார்த்தேன்:
சிவப்புப் பொட்டு, பாதி உரிந்து.
எப்படித் தப்பினாளோ.
கேபிள் ஒயரில் விட்டேன்,
தலை நடுமரத்தைப் பார்க்கும்படி.
கொஞ்சம் நின்றாள்.
மீசையைத் துடைத்துக்கொண்டாள்.
பிறகு திரும்பி
கூரைப் பக்கமே நடந்தாள்.

முதல் லாரி ஹாரன் அடித்தது.
கழுத்து
அவள் பாஷையில் நீறிக்கொண்டிருந்தது.