எட்டாம் வேற்றுமை

கம்பி எவ்வளவு மெல்லியது என்று
காவல்துறைக்காரர் இரண்டு விரலிடையில் பிடித்துக் காட்டினார்.
மாட்டுவேலிக்கு யாரோ பாதையின் குறுக்கே இழுத்தது.
ஓல்ட்டன் மூடுபனியில், விடிய ஐந்தே காலுக்கு,
வேலைக்குச் சைக்கிளில் போனவளின் கழுத்துக்கு
அளவெடுத்ததுபோல் இருந்தது.

ஒன்பது வருடம்.
இவ்வளவையும் வாயால் சொல்வதென்றால்
எனக்கு நாலு மிடறு தண்ணீர் வேண்டும்.

குரல்வளைக் குருத்தெலும்பு இரண்டிடத்தில் உடைந்ததாம்.
ஒட்டினார்கள்.
கழுத்தடியில் துளைபோட்டு
ஏழு கிழமை அதனால் மூச்சு விட்டேன்.
துளை மூடிவிட்டது. தோல் இன்னும் உள்ளே ஒட்டியபடி.
விழுங்கும்போதெல்லாம் தழும்பும்
கூடவே ஏறி, கூடவே இறங்கும்.

காப்புறுதி வைத்தியர் எழுதினார்:
பொதி பிரிக்கக் குரல் தேவையில்லை,
வேலைத்திறன் நூறு வீதம்.
உண்மைதான். ஹேர்க்கிங்கனில்
பட்டியில் ஓடிவரும் பெட்டிகள்
என்னிடம் எதையும் கேட்பதில்லை.

தொலைபேசியில் என்னை ஐயா என்பார்கள்.
திருத்துவதை விட்டுவிட்டேன்.
ஐயாவுக்கு அலுவல் கெதியாய் முடிகிறது.

இந்த ஊர் மொழியும் தொண்டையைச் சுரண்டிக்கொண்டுதான் வரும்.
இப்போதுதான் உனக்கு உச்சரிப்புச் சரி என்றாள்
மேற்பார்வைக்காரி மார்லீஸ்.
சிரித்தேன்.
என் சிரிப்பில் தோள்கள் மட்டும் குலுங்கும்.

பிட்டு ஆபத்து.
சொதியில் ஊறவிட்டு
நாடியை நெஞ்சோடு சேர்த்து விழுங்கவேண்டும்.
விழா மண்டபங்களில்
ஒலிபெருக்கிக்கு மேலால் எல்லோரும் கதைப்பார்கள்,
நான் தலையாட்டுவேன்.
அடக்கமான பெண் என்று பெயர் வாங்கியாயிற்று.
என் பழைய சண்டைகளைக் கேட்டவர்
கணவர் ஒருவர்தான்.
அவர் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மகனுக்கு
வேற்றுமை படிப்பித்தார்கள்.
குசினி வாசலில் நின்று ஒப்புவித்தான்:
எட்டாவது விளி. தூரத்தில் நிற்பவரை அழைக்கையில்
எழுத்து நீண்டு ஒலிக்கும்.
உதாரணம் சொல்லுங்கோ அம்மா.

நீட்டினேன்.
இரண்டு மாத்திரைக்கு அப்பால் காற்றுத்தான் போயிற்று.
குறிலுக்குக் குறையில்லை.
நெடிலில்தான் நான் உடைகிறேன்.

பிறகு ஒரு ஆடி வெயில்.
ஆரே ஆற்றில் பிள்ளைகள் மிதந்து வருகிறார்கள்.
படிக்கட்டில் ஏறவேண்டியவன்
சிநேகிதனோடு கதைத்தபடி அதைக் கடக்கிறான்.
அதற்கப்பால் வழுக்குச் சுவர்,
அதற்கப்பால் தண்ணீர் வேறு நிறம்.

கை தட்டினேன். ஆற்றின் சத்தம் பெரிது.
வாய் திறந்தேன்:
முள் குத்திய சைக்கிள் டியூப்.

பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டு நின்றவள் கேட்டாள்,
பெயர் என்ன?
அவள் காதுக்குள் ஊதினேன்: எழிலன்.

நெஞ்சு நிறைய மூச்செடுத்தாள்.
அந்த நொடி நான் ஆற்றைப் பார்க்கவில்லை.
அவள் தொண்டையைப் பார்த்தேன்,
இரண்டு நரம்பும் புடைத்து எழும்புவதை,
பிள்ளையை மறந்து.

எலீலாஆஆன்!

ழகரம் இல்லை. நடுவில் ஓர் எலி இருந்தது.
அளபெடை நிற்கக்கூடாத இடத்தில் நின்றது.
மரப்பாலத்தில் போனவர்கள் திரும்பினார்கள்.
அவனும் திரும்பினான்,
கடைசிக் கைப்பிடியை எட்டி ஒற்றைக் கையால் பிடித்தான்.

நீர் சொட்டச் சொட்ட வந்து கேட்டான்,
ஆர் கூப்பிட்டது?

நான்தான் என்றேன்.
கிட்ட நின்றதால் கேட்டது.

என் கழுத்தைப் பார்த்தான்.
அந்தப் பெண்ணைப் பார்த்தான்.
பிறகு,
பசிக்குது என்றான்.