நான்காவது பொருள்

மூன்று பொருள்கள் முடிந்து
முந்திரி வந்தது.
பண்ருட்டி முந்திரி, உப்புப் போட்டது.
பதினெட்டுக் கோடியைப் பற்றி
உப்பு விரல்களோடுதான் பேசினார்கள்.

நான் கம்பெனி செக்ரட்டரி.
பேசுவது என் வேலையில்லை.
பேசியதை, பேசியிருக்க வேண்டிய விதத்தில்
எழுதுவது என் வேலை.

நான்காவது பொருள்:
கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, இரண்டாம் கட்டம்,
இந்த ஆண்டா, அடுத்த ஆண்டா.
ஐந்தாவது பொருள்:
டிவிடெண்ட்.
இரண்டுக்கும் ஒரே பணம் என்பது
அஜெண்டாவில் இல்லை,
அறையில் இருந்தது.

நிதி இயக்குநர் முரளிதர ராவ் சொன்னார்:
"இது அடுத்தவர் பணம்.
நம்மை நம்பிக் கொடுத்தது.
நம் மனசுக்குத் தோன்றியபடி
தானம் செய்ய முடியாது."
தப்பில்லை.
மஞ்சக்குப்பத்தில் நானூறு பங்கு வைத்திருக்கும் ஒருவர்
வருஷா வருஷம் எனக்குக் கடிதம் போடுகிறார்,
டிவிடெண்ட் எப்போது அம்மா,
மருந்துக் கடையில் பாக்கி நிற்கிறது.
அவரும்தான் அந்த அடுத்தவர்.

சுயேச்சை இயக்குநர் ஜெசிந்தா அருளப்பன்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"யார் யாருடைய நன்மைக்கு என்று
நூற்று அறுபத்தாறாம் பிரிவு சொல்கிறது.
படிக்கட்டுமா?"
படித்தார்.
கம்பெனி, ஊழியர், பங்குதாரர், சமூகம்,
கடைசியாகச் சுற்றுச்சூழல்.

கடைசிப் பந்திக்கு நிற்கிற உறவுக்காரன்.
ஆனாலும் பத்திரிகை வைத்து அழைத்த ஆள்,
இலை போடாமல் அனுப்ப முடியாது.
(இதை ஜெசிந்தா சொல்லவில்லை.
நான் நினைத்தேன்.
நான் நினைப்பது மினிட்ஸில் வராது.)

"ஆத்துக்கு ஓட்டு இல்லையே மேடம்"
என்றார் ஒருவர். சிரித்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே உப்பனாறு
ஓதம் வடிந்து கிடந்தது,
சேற்றில் ஒரு படகு சாய்ந்து.

"சரி, கணக்காகவே பேசுவோம்.
இணைப்பு நான்கைப் பார்த்தீர்களா?
வாரியம் வந்து ஒரு மாதம் பூட்டினால் எவ்வளவு நஷ்டம்?"
முரளிதர ராவ் கால்குலேட்டரைத் தொட்டார்.
"பூட்டினால்தானே" என்றார் சேர்மன்.
கை எடுக்கப்பட்டது.

ஐந்து கைகள் உயர்ந்தன.
ஒன்று மேஜை மேலேயே இருந்தது.
மொத்தம் பதினோரு நிமிஷம்.

வராந்தாவில் மடியில் ஹெல்மெட்டோடு
சுத்திகரிப்புப் பிரிவு கலியமூர்த்தி.
கூப்பிட்டால் விளக்கம் சொல்ல
காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.
இணைப்பு நான்கு அவர் எழுதியது:
ஈச்சங்காடு ஆழ்துளைக் கிணறு,
பன்னிரண்டு மாத அளவுகள்.

"என்ன மேடம் ஆச்சு?"
"அடுத்த வருஷம்."
"போன வருஷமும் அடுத்த வருஷம்தான்."
கோபமில்லை.
மீட்டர் படிக்கிற குரல்.

சாயங்காலம் சேர்மன் போன் செய்தார், அன்பாக.
"ஏகமனதாகன்னு போட்டுடுங்களேன்.
அந்தம்மா சும்மா சந்தேகம்தானே கேட்டாங்க."

ராத்திரி, புதுப்பாளையம் வீடு.
இருபது லிட்டர் கேன் வந்து இறங்கியது,
முப்பத்தைந்து ரூபாய்.
தெக்கத்திக் காற்று திரும்பினால்
நெயில் பாலிஷ் வாசனை.
சாத்திய ஜன்னலை
மறுபடி சாத்துகிறேன்.

ஏகமனதாக
என்று அடித்தேன்.
ஆறு பேருக்கு ஒரு மனம்.
எனக்கு ஒருத்திக்கே இரண்டு இருக்கிறது.

அழித்தேன்.
திருமதி ஜெசிந்தா அருளப்பன்
மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்,
இணைப்பு நான்கின் அடிப்படையில், அதாவது:

ஏப்ரல் மாதத்து எண்ணிலிருந்து
ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினேன்.
டிசம்பரில்
போன் மறுபடி அடிக்கிறது.
ஜனவரி.