புல்லுக் கயிறு

ஒன்பது மணிக்கு என் முறை.
ஒன்பதரை வரை வாய்க்காலில் வெறும் சேறு,
ஒரு தவளை, என் ரோச் வெளிச்சம்.
சிறுபோகம், ஆண்டவரே. நெல் குடலையில் நிற்கிறது.
இந்தக் கிழமை தண்ணி குடிக்காவிட்டால்
கதிர் முழுக்கப் பதராய் நிமிர்ந்து நிற்கும்,
தலை குனிய ஒன்றுமில்லாமல்.

ஆரென்று தெரியும்.
மேல்வயல் நீக்கிலாஸ்.
கோயிலில் எனக்கு முன்வாங்கில் இருப்பவன்,
காணிக்கைத் தட்டை என்னிடம் நீட்டுகிறவன்,
போன போகமும் இதே இடத்தில்
என் முறைக்குள் மண்வெட்டியைப் போட்டவன்.

பொழுதுபடமுன் கோபத்தை இறக்கிவிடச் சொன்னவருக்கு
வட்டக்கச்சியில் வயல் இல்லை.
இங்கே அது பொழுதுபட்ட பிறகுதான் தொடங்கும்,
முறைத் தண்ணியோடு.

மண்வெட்டியைத் தோளில் வைத்தேன்.
வாய்க்கால் கரையால் நடந்தேன்.
அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி
மூன்றாவது மணியில்
"அவன்ர கையை முறிக்கவேணும்" என்று
வாய் தானாய் முடித்தது.
திரும்பத் தொடங்கினேன்.
ஐந்தாவதில் அவன் தாயையும் இழுத்தேன்.
ஒரு பத்து மணியும் சுத்தமாய் முடியவில்லை.
செபமாலையை மடியில் செருகினேன்;
அது அங்கே கிடந்து சூடேறியது, அல்லது நான்.

அவன் வெட்டின இடம் வந்துவிட்டது.
அகலம் இரண்டு சாண்.
என் தண்ணி சத்தமே இல்லாமல்
அவன் வயலுக்குள் போகிறது,
வீட்டுக்காரியைப் போல.
அந்தப் பக்கம் அவன் கொட்டில். கொட்டிலில் விளக்கு.
கூப்பிடு தூரம்.

அப்போதுதான் உம்மிடம் கேட்டேன்.
எருசலேம் கோயிலுக்குள் மாடு விற்றவர்களையும்
காசு மாற்றினவர்களையும் கண்டீரே,
உடனே கை ஓங்கவில்லையே நீர்.
கயிற்றைச் சாட்டையாய்ப் பின்னினீராம்.
எவ்வளவு நேரம் பிடித்தது?
எழுதினவர்கள் அதை எழுதவில்லை.
மாடு வளர்க்கிறவள் நான், எனக்குத் தெரியும்:
மூன்று புரி முறுக்க
ஓர் உலை அரிசி வெந்துவிடும்.
அவ்வளவு நேரமும் எங்கே இருந்தீர்?
தூண் ஓரமாகவா?
என்ன தம்பி செய்யிறீர் என்று ஆரும் கேட்டார்களா?
விரல் நடுங்கினதா?

வரம்பில் இருந்தேன்.
மண்வெட்டியை எட்டாத இடத்துக்கு எறிந்தேன்.
காய்ந்த புல்லைக் கைநிறையப் பிடுங்கித்
தொடையில் வைத்து முறுக்கத் தொடங்கினேன்.
பாதியைச் சோளகம் பறித்துக்கொண்டு போனது.
ஒரு புரிக்குள் போன போகத்துப் பதர்.
ஒன்றுக்குள், "பொம்பிளைதானே" என்று
கமக்காரர் சங்கத்தில் அவன் சிரித்த சிரிப்பு.
மூன்றாவதுக்குள் எதை வைத்தேனோ, ஞாபகமில்லை.
கை எரிந்தது.
மூச்சு மெல்லக் கீழே இறங்கியது.

வெளிச்சம் முகத்தில் அடித்தது.
"ஆரது?"
இருட்டில் தனியே இருந்து கயிறு திரிக்கிறவளைக் கண்டால்
எவனும் பயப்படுவான்.
"எமல்டாக்கா... கயிறு என்னத்துக்கு?"

"ஒன்பதில இருந்து என்ர முறை" என்றேன்.
குரல் உயரவில்லை. பேசினது ஆரென்று
நானே திரும்பிப் பார்க்க இருந்தேன்.
"வெட்டினது நீ. அடைக்கிறதும் நீ."

"எனக்கும் குடலைதான் அக்கா."
மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் இல்லை.
என் வாயிலும் இல்லை.
ஆனால் குனிந்தான்.
கையாலேயே ஐந்தாறு கட்டி அள்ளிவைத்தான்.
நான் ஏறி மிதித்தேன்.
தேவைக்கு மேலேயே மிதித்தேன், அதையும் பார்த்திருப்பீர்.

ஞாயிறு வரும்.
சமாதானம் சொல்லச் சொல்லுவார் பாதர்.
முன்வாங்கில் இருந்து அவன் திரும்புவான்.
கை கூப்புவேன்.
கண் எங்கே பார்க்கும் என்று
இப்போதே வாக்குத் தர ஏலாது.

தண்ணி என் வயலுக்கு வந்து சேரப்
பதினொன்றாயிற்று. கால் நனையும் வரை நின்றேன்.
கயிறு கையோடு வீட்டுக்கு வந்தது.
பட்டியில் கொழுவிவிட்டுப் படுத்தேன்.
விடிய எழும்பிப் பார்த்தால்
பாதியைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டது.
மீதி கடைவாயில் தொங்க
என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.