நிறுத்து

கிருனா சுரங்க வாயில்.
அறுபத்தெட்டுப் பெட்டிகள்,
எட்டாயிரம் டன் இரும்புக்கல்.
யோருன் கையுறையைக் கழற்றி
நெம்புகோலின் குளிரைத் தொட்டுப் பார்க்கிறாள்.
நார்வே எல்லைவரை இழுப்பதுதான் வேலை.
அதற்கப்பால்
மலை தன் பங்குக்கு இழுக்கத் தொடங்கும்.
கடல்வரைக்கும் இறக்கம்.
அப்போது அவள் வேலை
போகவிடாமல் போவது.

இதற்கு ஒரு சொல் தேடினேன்.
அடக்கு என்று எழுதினேன்.
பிணத்துக்குச் செய்வதும் அடக்கம்தான்,
அடித்துவிட்டேன்.
அணை என்று எழுதினேன்.
ஆற்றின் குறுக்கே நிற்பதும் அது,
அள்ளி மார்போடு சேர்ப்பதும் அது,
விளக்கின் கழுத்தைத் திருகுவதும் அதுவே.
மூன்றில் எதைச் செய்யச் சொல்கிறேன் என்று
அந்தச் சொல்லுக்கே தெரியாது.
தளை பரவாயில்லை.
காலில் பூட்டினால் விலங்கு,
வெண்பாவில் சீரோடு சீர் கோத்துக்கொள்ளும் இடம்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
அந்த இரும்புக் கொக்கி
இரண்டையும் தெரிந்துவைத்திருக்கிறது.

யோருனுக்கு இதெல்லாம் தெரியாது.
அவள் தலைக்குள் இருப்பது எய்லிஃப்.
ஜனவரியில் அவன் ஓட்டிய ரயில்
பதினொரு கலைமான்களை அடித்தது.
தடத்தில் மான்கள் நிற்பதை
இறங்கி வந்த ஓட்டுநர் தெரிவிக்கவில்லை
என்று அறிக்கையில் எழுதினான்.
இறங்கி வந்தவள் யோருன்.
தெரிவித்தாள்.
காட்டராட் நிலையத்தில், ஜன்னலை இறக்கி,
இரண்டு தரம்.

பியோர்ன்ஃபெல். வேகம் ஐம்பது.
'பொய்யன்' என்பது முதல் வாக்கியம்.
அதை நாக்கில் வைத்துக்கொண்டு
நெம்புகோலைப் பின்னால் இழுக்கிறாள்.
மோட்டார்கள் தலைகீழாக உழைக்கின்றன,
உருளும் பாரத்தைக் கறந்து
மின்சாரமாக்கிக் கம்பிக்கே ஏற்றுகின்றன.
எதிரே காலிப் பெட்டிகளோடு வரும் ரயில்
அதைக் குடித்துத்தான் மலையேறுகிறது.

(எனக்கும் ஆசைதான்,
விழுங்கிய சொல்லெல்லாம் எங்கோ ஒரு வீட்டில்
விளக்காக எரிகிறது என்று முடித்துவிட.
நான் விழுங்கியவை
பெரும்பாலும் வயிற்றில்தான் எரிந்தன.)

ரோம்பாக். கீழே கடல்நீர்
ஈயத்தகடுபோல் கிடக்கிறது.
இன்னொரு வாக்கியம் தயாராக இருக்கிறது:
'உன் மனைவி போனதில் ஆச்சரியமே இல்லை.'
கூர்மையானது. உண்மையாகவும் இருக்கலாம்.
வளைவில் அதை எடுத்து
நிறுத்துப் பார்க்கிறாள்.

நிறுத்து.
தராசில் வைத்து என்றும் பொருள்,
ஓடாதே என்றும் பொருள்.
பாரம் தெரியாதவர்
பிரேக்கை எங்கே தொடங்குவார்?

நார்விக். உணவறை.
எய்லிஃப் காபியோடு உட்கார்ந்திருந்தான்.
"மேலே பனியா?" என்றான்.

"மான்கள் நிற்பதாக உன்னிடம்
இரண்டு தரம் சொன்னேன்.
ஆந்தே வந்து நஷ்டக் கணக்குக்காகக்
காதுகளை அறுத்துப் பையில் போட்டார்.
பதினொரு ஜோடி.
நான்தான் டார்ச் பிடித்தேன்."

அவ்வளவுதான்.
பொய்யன் வரவில்லை. மனைவி வரவில்லை.
அவன் கோப்பைக்குள் பார்த்தான்,
அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.
அவள் தன் ரொட்டிக்கு
வெண்ணெய் தடவத் தொடங்கினாள்.
கத்தி மட்டும் கொஞ்சம் நடுங்கியது.

வெளியே பனி தொடங்கியிருந்தது.
பெட்டிகளின் கூரை வெளுத்தது, கொக்கி வெளுத்தது.
சக்கரங்களில் மட்டும்
வெகுநேரம் தங்கவில்லை.