இருபது போர்வைக் கடன்

மருதானை நடைபாதையில்
முன்னட்டை இல்லாமல் கிடந்த புத்தகம்.
நூற்றைம்பது சொன்னான், நூற்றுப்பத்துக்குத் தந்தான்.
ஐந்தாம் குறுக்குத் தெருவில்
செத்தல் மிளகாய்க் கடைக் கணக்கப்பிள்ளை நான்.
பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே,
தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவே
அஸ்டெக்குகளை வாசிக்கிறேன்.

ஏரிக்கு நடுவில் ஊர்.
தெருவில் பாதி தண்ணீர், பாதி மண்.
ஒரு தக்காளிக்கு ஒரு கொக்கோ விதை,
பெட்டை வான்கோழிக்கு நூறு.
விதையைக் குடைந்து மெழுகு அடைத்துக்
கள்ளக்காசு செய்தவனும் இருந்தானாம்.
வாசித்த கையோடு
கல்லாவில் கிடந்த ஐயாயிரம் ரூபாய்த் தாளை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

சாமானியன் பருத்தி உடுக்கக் கூடாது,
கற்றாழை நார்தான்.
துணி முழங்காலுக்குக் கீழே இறங்கினால்
எங்கே காட்டு தழும்பை என்பார்கள்:
போரில் கால் கிழிந்தவனுக்கு மட்டும்
மறைத்துக்கொள்ள அனுமதி.

பெருவணிகர்களோ
தூரதேசம் போய்த் திரும்பும்போது
இரவில் வருவார்கள், ஓடத்தில்,
கந்தலைப் போர்த்திக்கொண்டு.
சரக்கை இன்னொருவன் வீட்டில் இறக்கி
எனதல்ல, யாரோ தந்தது என்பார்கள்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் சபாநடேசன் முதலாளி
கக்கம் கிழிந்த பெனியனோடுதான் கல்லாவில் இருப்பார்.
வெள்ளவத்தையில் மூன்று வீடு,
மூன்றும் மச்சான் பேரில்.

சுமைகாரர் வரும் பக்கத்தில்
நீலப் பேனையால் யாரோ கோடிட்டிருந்தார்கள்.
வண்டியில்லை, மாடில்லை,
நெற்றியில் பட்டி, முதுகில் ஊர்.
நாட்டாமி மருதமுத்துவுக்குப் பட்டி இல்லை,
சாக்கு முக்காடு.
மஸ்கெலியாக்காரன்.
அம்மாவின் ஒப்பரேசனுக்கு வாங்கிய முற்பணம்
இருபத்தேழாம் பக்கத்தில், என் கையெழுத்தில்.

அங்கேயும் அது இருந்தது.
பஞ்சத்தில், சூதாட்டத்தில்
தன்னைத்தானே விற்பவனுக்கு
இருபது போர்வை விலை.
அது தீரும்வரை தன் வீட்டில் இருக்கலாம்,
ஒரு வருடம், கொஞ்சம் கூட.
தீர்ந்த அன்று தானாக நடந்து போய்
எசமான் வாசலில் நிற்க வேண்டும்.
பிள்ளைகள் மட்டும் அடிமையில்லை.

வாசித்துக் காட்டினேன்.
“பிள்ளைக்கு வராதுன்னா நல்லதுதானே” என்றான்
பீடியைக் காதில் செருகிக்கொண்டு.
“தப்பிக்க வழியே இல்லீங்களா?”

இருந்தது.
சந்தையில் எசமான் அசந்த நேரம்
மதிலுக்கு வெளியே ஓட வேண்டும்.
மனித மலத்தை மிதிக்க வேண்டும்.
மிதித்த காலோடு நீதிமான்கள் முன் நின்றால்
குளிப்பாட்டிப் புதுத்துணி தருவார்கள்.
எசமானைத் தவிர எவனும் துரத்தக் கூடாது.
குறுக்கே நின்றவன்
அவன் இடத்தில் அடிமை.

மருதமுத்து புரையேறும்வரை சிரித்தான்.
“பீயை மிதிச்சா விடுதலைன்னா
புறக்கோட்டையில ஒருத்தன் மிஞ்ச மாட்டான்.”

செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பதினொரு மணி.
பொதுக் கக்கூசுக்குப் பின்னால் கான் உடைந்து
தெருவுக்கு வந்திருந்தது.
லொறியிலிருந்து நாலாவது மூட்டை.
வழக்கம்போல் அதைப் போடவில்லை, வைத்தான்,
வாய் மேலே இருக்க, நேராக.
பிறகு வெறுங்காலோடு கானுக்குள் இறங்கி
என்னை ஒருமுறை பார்த்து
அந்தப் பக்கம் ஏறி ஓடினான்.

முதலாளிக்கு முழங்கால் வாதம்.
நாலு கடை தாண்டி மூச்சுக்கு நின்றார்.
“டேய் கணக்கு, பிடிடா அவனை!”

எழுந்தேன்.
பேனையைத் தேடினேன், கையில்தான் இருந்தது.
உட்கார்ந்தேன்.

அளுத்கடை மேட்டில் ஏறினானா,
கோட்டை ஸ்டேசனுக்குப் போனானா, தெரியாது.
அந்தக் காலோடு அவனை
எந்த பஸ்காரன் ஏற்றியிருப்பான்?
இருபத்தேழாம் பக்கத்தில்
“நிலுவை” என்று எழுதச் சொன்னார், எழுதினேன்.
முப்பத்தொன்றாம் பக்கத்தில் என் பெயர்,
தங்கச்சி கலியாணச் செலவு,
நானே எழுதியது,
நல்ல வட்டமான எழுத்து.

இரவு கொட்டாஞ்சேனை அறைக்குப் போய்
குழாயடியில் நின்று
எதையும் மிதிக்காத காலைத்
தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.
பின்னால் வாளியோடு நின்றவர்
தண்ணீர் நிற்கப் போகிறது, கெதியாய் என்றார்.