திருத்திய ஆண்டு

லேகோஸில், ஷொமோலு அச்சகத் தெருவில்,
மூன்றாவது சந்து திரும்பியதும் எங்கள் பட்டறை.
வெள்ளிக்கிழமை அபுஜாவிலிருந்து வந்து இறங்கியது
நாட்டின் எதிர்காலம்:
நாலாயிரம் பிரதிகள், வழவழ அட்டை,
வழியில் பெய்த மழையில் ஓரம் நனைந்து.

ஏற்கெனவே அச்சான புத்தகம்தான்.
இரண்டாயிரத்து முப்பதில் நடக்கும் என்றிருந்தவை எல்லாம்
இனி நாற்பத்தைந்தில் நடக்குமாம்.
உள்ளே ஒரு வரியும் மாற்ற வேண்டாம்,
அட்டைக்கு ஒட்டுத்தாள் போதும் என்றார் அதிகாரி.
தொலைபேசியில் அவர் குரல்
கல்யாணத் தேதியைத் தள்ளிவைக்கிற
மாப்பிள்ளை வீட்டார் குரல்.

நூறு ஒட்டினால் ஐந்நூறு நைரா.
முயிபாத், உகோம்மா, இபியெரே
தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.
கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு,
பதினைந்து வருடம்.
இன்னொரு தேய்ப்பு,
பதினைந்து வருடம்.
மதியத்துக்குள் உகோம்மா ஒருத்தியே
ஆறாயிரம் வருடங்களைத் தள்ளிப்போட்டிருந்தாள்.
இடுப்பு விட்டுப்போச்சு என்றாள்.

மின்சாரம் போனது. ஜெனரேட்டரை நான் எழுப்பவில்லை,
டீசல் விற்கிற விலைக்கு
ஒட்டுகிற வேலைக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்.
சும்மா இருக்க மாட்டாத இபியெரே
ஒன்றைப் பிரித்து உரக்கப் படித்தாள்.
இளைஞர் கூட்டமே இந்நாட்டின் மூலதனம்.
மூலதனம்னா முதலாளி போட்ட பணம்தானே,
என் தம்பியை யார் எதில் போட்டிருக்காங்க?
முயிபாத் கேட்டாள்.
சிரித்தோம்.
பொறியியல் முடித்துவிட்டு
யாருடைய கேகே வண்டியையோ ஓட்டுகிறவனின் அக்கா
எங்களோடு சிரிக்கவில்லை.

பரிகாசம் பண்ணுவது சுலபம், நானும் பண்ணுவேன்.
ஆனால் நூற்றுப்பதினேழாம் பக்கத்தின் அடியில்,
எறும்பு எழுத்தில், ஒரு குறிப்பு.
சந்தைப் பெண்கள் தங்களுக்குள் கட்டும் அஜோ சீட்டில்
பணம் தவறுவதே அபூர்வம்;
அந்தச் சீட்டுக் கணக்கையே ஈடாகக் கொண்டு
வங்கி கடன் தரலாம்.
எவரோ ஒருவர்
வெயிலில் கடை கடையாக நின்று கேட்டு எழுதியிருக்கிறார்.

மூன்று பேரின் கட்டைவிரலும் நின்றது.
முயிபாத்தான் எங்கள் தெரு சீட்டுக்குத் தலைவி,
இருபத்தாறு பேர், ஒரு நோட்டு, ஒரு பிஸ்கட் டப்பா.

வங்கி வந்தா வட்டி வரும், பின்னாடியே போலீஸ் வரும்,
உகோம்மா சொன்னாள்.
வரட்டும், எனக்குச் சொந்தமா ஒரு வெட்டு மெஷின் வரும்ல?
இது இபியெரே.
உன் நோட்டை அவன் பார்த்தா வரிக்காரனும் பார்ப்பான்.
பார்த்தா என்ன, ரோடு போடுவான்.
எந்த ரோடு?
இந்தச் சந்துக்கு எத்தனை தடவை போட்டானாம்?
இப்படியே நாலு மணிவரை.
அபுஜாவின் குளிர்சாதன அறையில்
இந்தச் சண்டை நடந்திருக்குமா, தெரியாது.
நடந்த நேரத்து ஒட்டுத்தாள்கள் எல்லாம்
கோணலாகவே விழுந்தன.

முயிபாத் மட்டும் வாயைத் திறக்கவில்லை.
குறிப்பை இன்னொரு முறை வாசி என்றாள்,
மெதுவா.

இருட்டுவதற்குள் எண்ணிக் கட்டினேன்.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
மறுபடி எண்ணினேன், அதேதான்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த முயிபாத்தின் பை
காலையைவிடக் கனத்துத் தொங்கியது.
நாளைக்கு வர்றேன் என்றாள். சரி என்றேன்.

தரையைப் பெருக்கும்போது கிடைத்தது
ஒட்டாமல் மிஞ்சிய ஒரே ஒரு ஒட்டுத்தாள்.
எங்கே ஒட்டுவதென்று தெரியாமல்
கடையைப் பூட்டும்வரை
விரல்நுனியிலேயே வைத்திருந்தேன்.